கொம்புத் தேனுக்கு ஆசைப்படுவோம்!

"முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டாற்போல" என்று ஒரு பழமொழி நமது நாட்டில் வழங்கி வருகிறது. நடக்க முடியாதவன் மரத்தின் உச்சியைப் பார்த்து ஏங்குகிறானே என்ற கேலி அதில் இருக்கிறது. பாட்டன் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். சொல்லும்போது சிரிக்கவும் செய்கிறோம். அந்த மரத்தில் ஏன் ஒரு ஏணி சாத்தப்படவில்லை என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

கால் இழந்தவர்களும், போலியோவில் கால் சூம்பியவர்களும், சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்களும் ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு பிரயாணம் செய்ய உரிமை உள்ளவர்களா, அந்த உரிமையை யார் தடுத்து நிற்கிறார்கள் என்பதை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறோம். கூலிப் பிரச்னை இருக்கிறது, பட்டாப் பிரச்னை இருக்கிறது, இது என்ன சுற்றுலா விஷயம் என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் மில்லில் விரலைக் கொடுத்தவர் இருக்கிறார். கதிர் அடிக்கும் இயந்திரத்தில் கையைக் கொடுத்தவர் இருக்கிறார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர் இருக்கிறார். அங்கஹீனம் என்பது உழைப்பாளி வீட்டுக்கு வெளியில் எங்கோ இருக்கிற சங்கதி அல்ல.

1923-ம் ஆண்டு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஓர் அட்டவணை வகுத்தது. கட்டைவிரல் போனால் முப்பது சதம். இரண்டு கையும் போனால் நூறு சதம். எதில் சதம்? சம்பாதிக்கும் சக்தியில் சதம். அந்தக் கை, கால் மில்லுக்கு எவ்வளவு உதவியது என்பதுதான் கணக்கு. அந்தக் காலோடு அவன் மாமியார் ஊருக்குப் போயிருப்பான், கடலைப் பார்க்கப் போயிருப்பான், கடல் தாண்டியும் போயிருப்பான் என்ற நஷ்டத்துக்கு அட்டவணையில் இடமே கிடையாது. உழைப்பாளிக்குக் கால் இருப்பது வேலைக்குப் போகத்தான் என்று முடிவு கட்டி எழுதிய சட்டம் வேறு எப்படி இருக்கும்?

காஞ்சிபுரம் ஜில்லாவில் புள்ளலூர் என்று ஒரு கிராமம். நெல் வயலும் ஏரியும் உள்ள ஊர். சரித்திரம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவனும் சாளுக்கிய புலிகேசியும் மோதிய இடம். பின்னர் 1780 செப்டம்பர் 10-ம் தேதி ஹைதர் அலியின் படையும் திப்புவின் படையும் சேர்ந்து கர்னல் பெய்லியின் கம்பெனிப் பட்டாளத்தை நிர்மூலமாக்கிய இடமும் அதுவே. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் அரண்மனைச் சுவரில் அந்தப் போரைச் சித்திரமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். அதன் நடுவில் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார். சண்டைக்கு நடுவிலும் துரைக்குப் பல்லக்கு!

அடுத்த வருஷம், 1781 ஆகஸ்டு 27-ம் தேதி, அதே புள்ளலூரில் மறுபடியும் யுத்தம். இந்த முறை கம்பெனிப் படைக்குத் தலைவர் அயர் கூட். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் காலைப் பீரங்கிக் குண்டு கொண்டு போய்விட்டது. இந்த ஸ்டூவர்ட் சாதாரண ஆள் அல்ல. 1776-இல் சென்னைக் கவர்னர் பிகட்டையே சிறைப்பிடித்தவர்.

கால் போனபின் அவர் என்ன ஆனார்? வீட்டு மூலையில் கிடந்தாரா? இல்லை. சென்னைப் படைக்கே தலைவரானார். 1783-இல் கடலூருக்குப் படையை நடத்திச் சென்று பிரெஞ்சுக்காரரோடு போரிட்டார். அதே வருஷம் புதிய கவர்னர் மெக்கார்ட்னியோடு சண்டை வந்தது. கவர்னர் அவரைப் பதவி நீக்கி, கைது செய்து, கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார். இரண்டு சமுத்திரங்களைக் கடந்து ஊர் போய்ச் சேர்ந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. 1786-இல் மெக்கார்ட்னி லண்டன் திரும்பியதும் அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். தாமாக நிற்க முடியாததால் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சுட்டார், மெக்கார்ட்னி காயம்பட்டார்.

கம்பெனிக்காரனின் வீரத்தைப் பாடுவதற்காக இதை எழுதவில்லை. நமது நாட்டைக் கொள்ளையடிக்க வந்த கூட்டத்தில் அவர் ஒருவர். கவனிக்க வேண்டியது வேறு. ஒற்றைக் காலோடு ஒரு மனிதர் புள்ளலூரிலிருந்து கடலூர் போகவும் சென்னை போகவும் லண்டன் போகவும் முடிந்திருக்கிறது. ரயில் இல்லை, பஸ் இல்லை, நவீன செயற்கைக் கால் இல்லை. எப்படி முடிந்தது? அந்நாளில் கம்பெனி அதிகாரிகள் பல்லக்கில் போனார்கள். பல்லக்கைத் தூக்கிய தோள் நம்மவர் தோள். துறைமுகம் இல்லாத சென்னைக் கரையில் அலைக்கு நடுவே மசூலாப் படகை வலித்து அவர்களைக் கப்பலில் சேர்த்த கையும் நம்மவர் கைதான். புள்ளலூர் வயலில் அன்று காயம்பட்ட சிப்பாய்களும் மாட்டுக்காரர்களும் சுமைக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் தோள் கொடுக்க யார் இருந்தார்கள்? கம்பெனி அதிகாரிகள் இருவருக்கு எழுப்பிய கல் தூண்கள் அந்த ஊரில் நிற்கின்றன. சுமைக்காரனுக்குத் தூண் இல்லை.

ஆகவே பிரயாணத்தைத் தடுப்பது கால் இல்லாமை அல்ல. வாகனமும் வழியும் யாருக்காகச் செய்யப்படுகின்றன என்பதே விஷயம்.

இது பழைய கதைதானே என்று தள்ளிவிட முடியாது. 2001 ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் டில்லிக்கு வந்தார். உடல் முழுதும் செயலிழந்து, சக்கர நாற்காலியிலேயே உலகம் சுற்றியவர். குதுப்மினாரைப் பார்க்க விரும்பினார். நம் நாட்டில் ஊனமுற்றோர் உரிமைக்காகப் போராடிய ஜாவேத் ஆபிதி, அவரும் சக்கர நாற்காலியில் இருந்தவர், சர்க்காரை விடாமல் நெருக்கினார். மரப்பலகையில் அவசரச் சாய்தளம் வந்தது. ஹாக்கிங் பார்த்தார், நல்லது. குதுப்மினார் கட்டி எண்ணூறு ஆண்டு ஆகிறது. நம் நாட்டுச் சக்கர நாற்காலிக்காரர் எவருக்காகவும் அதற்குமுன் அந்தப் பலகை வரவில்லை.

நம்மவர்களும் உலகம் சுற்றியிருக்கிறார்கள். சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டியில் காய்கறி விற்ற ஒரு தாயின் மகன் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அந்தக் காலோடு 2016-இல் பிரேசில் நாட்டு ரியோ நகரில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிசில் வெண்கலம். அதே பாரிசில் பாட்மிண்டனில் வெள்ளி வாங்கிய துளசிமதி முருகேசன் நமது காஞ்சிபுரத்துப் பெண். இவர்கள் வந்திறங்கியபோது மாலை போட்டார்கள், மந்திரிமார் கைகுலுக்கினார்கள். சந்தோஷமே. ஆனால் பதக்கம் வாங்கினால்தான் பாரிசைப் பார்க்கலாம் என்று கால் உள்ளவனுக்கு யாரும் நிபந்தனை போடுவதில்லை. ஊனமுற்றவர் மட்டும் வீரராக இருக்க வேண்டும், சாதனையாளராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும். இது என்ன நியாயம்?

புள்ளலூரில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது நாற்பது. போலியோவில் இரண்டு காலும் சூம்பியவர். (2011-க்குப் பிறகு நமது நாட்டில் இயற்கையான போலியோக் கிருமி யாரையும் தாக்கியதாகப் பதிவில்லை, அதற்குமுன் தாக்கப்பட்டவர்கள் இன்று நடுவயதில் நம்மிடையே இருக்கிறார்கள்.) அவருக்குச் சிங்கப்பூரில் உறவு, போய்ப் பார்க்க ஆசை. சீட்டுப் போட்டுப் பணமும் சேர்த்துவிட்டார். புறப்படட்டும், கூடவே போவோம்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வாசலில் சாய்தளம் இருக்கிறது, லிப்ட் இருக்கிறது, கேட்டால் சக்கர நாற்காலியும் தள்ள ஆளும் தருகிறார்கள். விமானத்தின் கதவுவரை தரை சமமாகப் போகும் பாலமும் உண்டு. அங்கும் அநியாயம் நடக்காமல் இல்லை. 2012-இல் கல்கத்தாவைச் சேர்ந்த ஜீஜா கோஷ் என்ற பெண்மணி, மூளை முடக்குவாதம் உள்ளவர், கோவாவில் ஒரு மகாநாட்டுக்குப் போக விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். அவர் விடவில்லை. 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. இருந்தாலும் விமான நிலையத்தில் வழி என்று ஒன்று இருக்கிறது. மறித்தால் வழக்குப் போடலாம்.

அதற்கு முந்திய கட்டம் ரயில். கால் ஊனமுற்றவருக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் நூற்றுக்கு 75 சலுகை உண்டு. கூட வருபவருக்கும் உண்டு. இது பெரிய உதவிதான், குறை சொல்ல மாட்டோம். தனிப் பெட்டியும் பல ரயில்களில் வைத்திருக்கிறார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள்? வண்டியின் தலையில் அல்லது வாலில்! நடக்க முடிந்தவன் நடுவில் ஏறுகிறான். நடக்க முடியாதவர் பிளாட்பாரத்தின் கடைசிவரை போகவேண்டும். போய்ச் சேர்ந்தால் பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இடைவெளி, அதன்மேல் படி. டிக்கட்டின் விலையைக் குறைத்தவர்கள் படியின் உயரத்தைக் குறைக்க மறந்துவிட்டார்கள்.

இதற்கும் முந்தியது பஸ். இங்கேதான் பிரயாணமே நின்றுபோகிறது. சாதாரணமாக நமது சர்க்கார் பஸ்ஸின் உள்தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்றடி உயரத்தில் இருக்கிறது. செங்குத்தான படிகளைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களைப் போலவே ஊனமுற்றவருக்கும் அவரோடு வரும் துணைக்கும் டிக்கட் கிடையாது. இலவசம்தான்; ஏற முடிந்தால்! அந்தப் பெண் படியில் உட்கார்ந்து கையை ஊன்றி ஊன்றி மேலே போகவேண்டும். இல்லையென்றால் யாராவது மூட்டையைப் போலத் தூக்கிப் போடவேண்டும்.

புள்ளலூரிலிருந்து சிங்கப்பூர் போகும் வழியில் மிகக் கஷ்டமான கட்டம் கடல் தாண்டுவது அல்ல. ஊரிலிருந்து காஞ்சிபுரம் போவதுதான். காரணம் என்ன? விமானத்தில் காசுள்ளவன் போகிறான். அவனுடைய வயதான தாயாருக்குச் சாய்தளம் வேண்டும் என்று கம்பெனிக்குத் தெரியும். கிராமத்து பஸ்ஸில் கூலிக்காரன் போகிறான். அவன் கேட்க மாட்டான் என்றும் தெரியும்.

கேட்டால் மாறும் என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. சர்க்கார் மூன்றடி உயரப் பஸ்களையே வாங்கிக் குவிக்கப் போனபோது வைஷ்ணவி ஜெயக்குமார் என்பவர் சென்னை ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். 400 மில்லிமீட்டர் உயரமுள்ள தாழ்தள பஸ் வேண்டும் என்பது கோரிக்கை. சர்க்கார் தரப்பில் சொன்ன காரணங்களைக் கேளுங்கள்: ரோடு சரியில்லை, வேகத்தடை இடிக்கும், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், விலை அதிகம். ரோடு சரியில்லை என்பது சர்க்காரின் வாதம்! ரோடு போட்டது யார்? வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. சென்னை, கோவை, மதுரை நகரங்களுக்கு 552 தாழ்தள பஸ்கள் வாங்குவதென்று முடிவாகி, 2024 ஆகஸ்டில் சென்னையில் முதல் வண்டிகள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் நின்றால் வண்டி ஒரு பக்கமாகத் தாழ்ந்து கொடுக்கிறது. சக்கர நாற்காலி உருண்டு உள்ளே போகிறது. முடியாது என்று சொன்னது முடிந்துவிட்டது.

மூன்று நகரங்களுக்கு வந்தது சரி. புள்ளலூருக்கு?

எண்ணூரில் சேஸிஸ் செய்கிறவனும், கரூர்ப் பட்டறையில் பஸ் பாடி கட்டுகிறவனும், பெரம்பூரில் ரயில் பெட்டிக்கு வெல்டிங் வைக்கிறவனும் தொழிலாளிதான். படியை ஒரு சாண் கீழே வைக்க அவன் கைக்குத் தெரியாதா? வரைபடம் அவன் கையில் இல்லை, அவ்வளவே. ஜெய்ப்பூர்க் கால் என்பதைத் தோழர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1960-களின் கடைசியில் அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். உடன் நின்றவர் டாக்டர் பி.கே. சேத்தி. மேல்நாட்டுச் செயற்கைக் கால் பூட்ஸுக்காகச் செய்தது. சம்மணம் போட முடியாது, சேற்றில் இறங்க முடியாது. சர்மா ரப்பரில் செய்த பாதத்தோடு குந்தி உட்காரலாம், வயலில் வெறுங்காலாக நடக்கலாம், மரமும் ஏறலாம். முடவன் கொம்புத் தேன் எடுக்க வழி செய்தவர் ஒரு தொழிலாளி!

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1995-இல் ஒன்று. 2007-இல் ஐ.நா. உடன்படிக்கையில் நமது நாடு ஒப்புதல் தந்தது. சுற்றுலாவும் பொழுதுபோக்கும் ஊனமுற்றோரின் உரிமை என்று அதில் எழுதியிருக்கிறது. 2016-இல் புதிய சட்டம். பழைய பொதுக் கட்டடங்களை எல்லாம் விதிகள் வந்து ஐந்து வருஷத்துக்குள் மாற்றவேண்டும் என்றது. விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு முடிந்தது 2022 ஜூனில். ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005-இல் போட்ட வழக்கில், 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உண்மையைப் போட்டு உடைத்தது: சர்க்கார் எழுதிய விதி கட்டாயம் அல்ல, வெறும் சிபாரிசு, அது செல்லாது, கட்டாய விதி எழுது என்றது. இதற்கிடையில் நம் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அங்கஹீனர் என்றார்கள், ஊனமுற்றோர் என்றார்கள், 2010-இல் மாற்றுத்திறனாளி என்றார்கள், டில்லியில் திவ்யாங் என்கிறார்கள். மரியாதையான பெயர் வேண்டியதுதான். அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டு ஏறுவதற்குப் படியும் வேண்டும்.

அமெரிக்காவில் பணம் இருக்கிறது, அதனால் எல்லாம் தானாக வந்தது என்று எண்ணவேண்டாம். 1978 ஜூலையில் டென்வர் நகரத்தில் 19 பேர் சக்கர நாற்காலியோடு நடுச்சாலைக்குப் போய் பஸ்களை மறித்தார்கள். நாற்காலியைவிட்டு இறங்கி ரோட்டில் படுத்தார்கள். இரவு முழுதும் நகரவில்லை. பஸ்ஸில் தூக்கி வைக்கும் இயந்திரம் வரும்வரை போராட்டம் பல வருஷம் நடந்தது. 1990 மார்ச்சில் வாஷிங்டனில் பாராளுமன்றப் படிகளில் அறுபது பேர் நாற்காலியை விட்டுத் தவழ்ந்தே ஏறினார்கள். அதில் எட்டு வயதுச் சிறுமியும் உண்டு. அந்த ஜூலையில் சட்டம் வந்தது. சோஷலிஸ்டு நாடு என்றால் தானாக வந்துவிடும் என்பதும் இல்லை. 1980-இல் ஒலிம்பிக்கை மாஸ்கோவில் நடத்திய சோவியத் யூனியன் ஊனமுற்றோர் போட்டியை ஏற்கவில்லை. அது ஹாலந்து நாட்டு ஆர்ன்ஹெமில் நடந்தது. இதை மறைத்து எழுதுவதில் நமக்கு லாபம் இல்லை. எந்த ஆட்சியானாலும் கேட்கிறவன் இருக்கவேண்டும்.

சென்னை மெரினாவில் மணலில் சக்கரம் புதையாமல் கடலின் அருகே போக 263 மீட்டர் மரப்பாதை ஒன்றை 2022 நவம்பரில் திறந்தார்கள். பிறந்ததிலிருந்து சென்னையிலேயே இருந்தும் அலை காலில் பட்டறியாதவர்கள் அன்று போய் நனைந்தார்கள். இரண்டு வாரத்தில் புயல் வந்து நுனியைப் பிய்த்துப்போட்டது, திருத்திக் கட்டினார்கள். அது உடைந்ததைப் பார்த்து, இதெல்லாம் வீண் செலவு என்று சிலர் பேசினார்கள். புயலில் ரோடு அறுந்தால் ரோடே வேண்டாம் என்று இவர்கள் பேசியதுண்டா?

சரி, கிராமத்தில் என்ன செய்வது? தாழ்தள பஸ் எல்லா ரோட்டிலும் நாளைக்கே வரும் என்று நாம் பொய் நம்பிக்கை தரவில்லை. ஏரிக்கரை ரோட்டில் சிரமம் இருக்கலாம். அப்படியானால் பஸ் கீழே வரவேண்டாம், நிறுத்தம் மேலே போகட்டும். பஸ் தளத்தின் உயரத்துக்கு ஒரு சிமெண்டு மேடை, அதற்கு நீளமான ஒரு சரிவு, பிடித்துக்கொள்ள ஒரு குழாய்க் கம்பி. மேடைக்கும் வாசலுக்கும் நடுவே போட ஒரு பலகை. நமது கொத்தனாரும் சித்தாளும் சில நாளில் கட்டக்கூடிய வேலை. சக்கர நாற்காலி நுழையும் அகலத்துக்கு வாசல், உள்ளே அதற்கு இடம், தூக்கும் பலகை, இவை புதிதாக வாங்கும் கிராமத்து வண்டிகளில் இருக்கவேண்டும் என்று விழுப்புரம் போக்குவரத்துக் கழகத்தைக் கேட்கவேண்டும்.

டிரைவர், கண்டக்டர் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கைத்தடியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தாமல் போகிறார்கள் என்ற புகார் ஊருக்கு ஊர் இருக்கிறது. டிரிப் நேரம் கழுத்தை நெரிக்கிறது, தாமதமானால் மெமோ என்பது நமக்குத் தெரியும். ஊனமுற்றவர் ஏறுவதற்கான நேரத்தை டிரிப் நேரத்தில் சேர் என்று கேட்கவேண்டியது உங்கள் சங்கம். அந்தக் கோரிக்கையை ஊனமுற்றவரும் நீங்களும் சேர்ந்தே வைக்கலாம்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடவேண்டும். ஒவ்வொரு ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக வைக்க 2025-இல் தமிழகச் சட்டசபை சட்டம் செய்திருக்கிறது. புள்ளலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள விவசாயத் தொழிலாளர்கள் அடுத்த கிராம சபைக்கு முன்னால் ஒரு வேலை செய்யவேண்டும். தையல்காரரிடம் அளவு நாடாவை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போங்கள். தரையிலிருந்து முதல் படி எவ்வளவு, உள்தளம் எவ்வளவு, வாசல் அகலம் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் ஏற முடியாதவர்கள் எத்தனை பேர், கடைசியாக எப்போது ஊரைவிட்டு வெளியே போனார்கள், எங்கே போக விரும்புகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். தீர்மானத்தில் இந்தக் கணக்கு இருக்கட்டும். ஒரு நகல் டெப்போ மானேஜருக்கு, ஒன்று கலெக்டருக்கு, ஒன்று நமது பத்திரிகைக்கு.